ஒட்டுண்ணிகளும் மூளையின் தடுப்புச் சுவரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்து, ஸ்கேன் எடுத்து, அறிக்கையில் "புழுக்கட்டியாக இருக்கலாம்" என்ற வரியைப் படித்துவிட்டு வருகிற குடும்பத்தாரிடம், நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வரி உண்டாக்கிய அச்சத்தை ஆற்ற வேண்டியிருக்கிறது. தருமபுரியில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் பாலக்கோடு, பென்னாகரம், அரூர்ப் பக்கத்திலிருந்தும், அவ்வப்போது ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வருகிறவர்கள் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நான்கு வரி போதும். சிலவற்றுக்குப் பாடமே எடுக்க வேண்டியிருந்தது. யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை நேரில் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருந்துப் பெயர்கள் இங்கே வருவது விளக்கத்துக்காக மட்டுமே.

மூளைக்குள் புழு போகும் என்பது உண்மையா? காது வழியாகவா போகிறது?

போகும் என்பது உண்மை. காது வழியாக என்பது உண்மையல்ல. முட்டைக்கோஸில் நெளிகிற பச்சைப் புழுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது ஒரு அந்துப்பூச்சியின் இளம்பருவம். தெரியாமல் விழுங்கிவிட்டாலும் வயிற்றிலேயே செரித்துப்போகும்.

மூளையில் கட்டியாக அமர்வது 'டீனியா சோலியம்' எனப்படும் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். இந்த நாடாப்புழு மனிதக் குடலில் 2 முதல் 7 மீட்டர் நீளம் வரை வளர்ந்து, தன் உடலின் கடைசிக் கண்ணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்து மலத்தோடு வெளியேற்றுகிறது. ஒவ்வொரு கண்ணியிலும் பல்லாயிரம் முட்டைகள் இருக்கும். அந்த முட்டை தண்ணீரிலோ, பச்சைக் காய்கறியிலோ, கழுவாத கையிலோ ஒட்டிக்கொண்டு இன்னொருவர் வாய்க்குள் போனால், இரைப்பை அமிலமும் பித்தநீரும் அதன் ஓட்டைக் கரைக்கின்றன. உள்ளிருந்து வெளிவரும் ஆறு கொக்கிகள் கொண்ட கரு குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, தசை, தோலின் அடிப்பகுதி, கண், மூளை என்று ரத்தம் கொண்டுசெல்லும் இடங்களில் தங்குகிறது. இரண்டு மூன்று மாதங்களில் அது பட்டாணி அளவு நீர்ப்பையாக மாறுகிறது. அந்த நீர்ப்பைக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளிதான் புழுவின் தலை.

எங்கள் வீட்டில் பன்றிக்கறி தொட்டதே இல்லை. எங்களுக்கு எப்படி வரும்?

ஆட்டுக்கறிகூடச் சமைக்காத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். இரண்டு வெவ்வேறு நோய்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி மனவேதனையோடு கேட்கப்படுகிறது. அரைவேக்காட்டில் புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அவருக்குப் பெரும்பாலும் பெரிய தொந்தரவு இருக்காது. அவருடைய மலத்திலிருந்து வந்த முட்டையை விழுங்கியவருக்குத்தான் மூளையில் கட்டி வரும். அந்த முட்டையை விழுங்கியவர் சைவமா அசைவமா என்று புழு பார்ப்பதில்லை. குடலில் புழு வைத்திருப்பவர் சமையல் செய்பவராகவோ, ஒரே வீட்டில் இருப்பவராகவோ, வாய்க்கால் ஓரம் ஒதுங்கிய முகம் தெரியாத ஒருவராகவோ இருக்கலாம். ஆகவே ஸ்கேன் அறிக்கையை வைத்துக்கொண்டு மருமகளின் பிறந்தகத்துச் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு மருத்துவத்தில் இடமில்லை. (இதை ஒருமுறைக்கு மேல் சொல்ல நேர்ந்திருக்கிறது.)

ரத்த-மூளைத் தடுப்பு என்று அறிக்கைகளில் வருகிறதே, அது என்ன?

1885இல் பால் ஏர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் செலுத்திப் பார்த்தபோது, மற்ற உறுப்புகளெல்லாம் நிறமேறின. மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைத் திசுவுக்குச் சாயம் பிடிக்கவில்லை போலும் என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் நேரடியாகச் செலுத்தியபோது மூளை நிறமேறியது, உடல் நிறமேறவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது. அந்தத் தடுப்பு எங்கே இருக்கிறது என்பதை 1967இல் ரீஸ், கர்னாவ்ஸ்கி இருவரும் எலிகளின் மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார்கள்: மூளையின் தந்துகி நாளங்களின் உட்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இடைவெளியே இல்லாமல் பிணைக்கப்பட்டிருந்தன.

மற்ற உறுப்புகளின் தந்துகிகளை மூங்கில் தட்டிக்கு ஒப்பிடலாம். நீரும் வெள்ளையணுக்களும் இடுக்கு வழியே கசியும். மூளையின் தந்துகி, இடுக்கெல்லாம் காரை பூசி அடைத்த சுவர். கிளாடின்-5, ஆக்லூடின் என்ற புரதங்கள் அந்தக் காரை. சுவருக்கு வெளியே அடித்தளச் சவ்வும் அதற்குள் பதிந்த பெரிசைட் செல்களும், அதற்கும் வெளியே, நரம்புச் செல்களுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் பாதங்களும் சுற்றி நிற்கின்றன. இதோடு, உள்ளே நுழைந்த வேண்டாத வேதிப்பொருளைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளுகிற பம்புப் புரதங்களும் சுவரிலேயே இருக்கின்றன. யானைக்கால் நோய்க்கும் சொறிக்கும் தரப்படும் ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்காமல் இருப்பது இந்தப் பம்பின் உபயத்தில்தான்.

ஒரு மனித மூளையில் உள்ள இத்தகைய நுண்நாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும் என்பது கணக்கு. ஒசூரில் தொடங்கி கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டங்களையும் கடந்து கன்னியாகுமரி வரை போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் தமிழ்நாட்டு நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இவ்வளவு காவல் இருந்தும் ஒட்டுண்ணிகள் எப்படி உள்ளே போகின்றன?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி. நாடாப்புழுவின் கரு நுண்நாளத்தில் வந்து சிக்கி, தன் கொக்கிகளாலும் சுரக்கும் நொதிகளாலும் திசுவுக்குள் இறங்குகிறது என்று கொள்ளப்படுகிறது. பூனைகளிடமிருந்து பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒருசெல் உயிரி, நம் வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, காவலர் உடையில் வரும் திருடன்போல் பயணம் செய்கிறது. நாளத்தின் உட்சுவர்ச் செல்லுக்குள் புகுந்து பெருகி, அதை உடைத்துக்கொண்டு மறுபக்கம் போவதும் உண்டு. நெக்லேரியா என்ற அமீபா ரத்த வழியே வருவதே இல்லை. மூக்கின் மேற்கூரையில் உள்ள சல்லடை எலும்பின் துளைகள் வழியாக, வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுகிறது. மலேரியா ஒட்டுண்ணியோ மூளைத் திசுவுக்குள் நுழையாமலே, சுவரின் உட்புறத்தில் நின்றபடி மூளையைச் சீர்குலைக்கிறது.

கட்டி வந்து பல வருடம் ஆகியிருக்கலாம் என்கிறார் டாக்டர். இத்தனை வருடம் சும்மா இருந்தது இப்போது ஏன் வலிப்பைத் தருகிறது?

உயிரோடு இருக்கிற கட்டி பெரும்பாலும் வலிப்பைத் தருவதில்லை; சாகிற கட்டிதான் தருகிறது. முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மையைப் புரிந்துகொண்டால், கீழே வரும் பல பதில்கள் எளிதாகிவிடும்.

உயிருள்ள நீர்ப்பை தன்னை மறைத்துக்கொள்வதில் கைதேர்ந்தது. அது சுரக்கும் பாராமயோசின் என்ற புரதம், ரத்தத்தில் உள்ள நிரப்புப் புரதத் தொகுப்பின் முதற்படியையே பிடித்து நிறுத்திவிடுகிறது. கிருமியின் மேல் துளையிட்டுக் கொல்ல வேண்டிய அந்தத் தொகுப்பு வேலையைத் தொடங்காமலே போகிறது. வேறு சில சுரப்புகள், நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளையணுக்களான டி செல்களின் பெருக்கத்தை மந்தப்படுத்துகின்றன. நம் உடலின் எதிர்ப்புரதங்களையே தன் மேற்பரப்பில் போர்த்திக்கொள்வதும் உண்டு. வீட்டுக்காரரின் சட்டையை மாட்டிக்கொண்டு அதே வீட்டில் குடியிருப்பதற்கு ஒப்பான தந்திரம் இது. மூளையும் இதற்குத் துணைபோகிறது. இயல்பு நிலையில் தடுப்புச் சுவர் வெள்ளையணுக்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. உள்ளூர்க் காவலான மைக்ரோகிளியா செல்கள் கூச்சல் போடாத இயல்புடையவை. மூளைக்கு நோயெதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்பே இல்லை என்றுகூட ஒரு காலத்தில் கற்பித்தார்கள். 2015இல் மூளையுறைகளில் நிணநீர் நாளங்கள் இருப்பது எலிகளில் விளக்கமாகக் காட்டப்பட்ட பிறகு அந்தப் பாடம் திருத்தப்பட்டது. தொடர்பு இருக்கிறது, கட்டுப்பாட்டோடு இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்துப் புழு மூப்படைந்தோ மருந்தாலோ நலியும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. அதன் சுரப்புகள் குறைய, இதுவரை மறைந்திருந்த புரதங்கள் சுற்றியுள்ள திசுவில் கசிகின்றன. மைக்ரோகிளியாவும் ஆஸ்ட்ரோசைட்களும் விழித்துக்கொண்டு அபாயச் செய்திகளை அனுப்புகின்றன. அந்தச் செய்திகளால் நாளச் சுவரின் காரை தளர்கிறது. உள்ளே வரும் வெள்ளையணுக்கள் வெளியிடும் புரதம் அரிக்கும் நொதிகள் அடித்தளச் சவ்வையும் அரிக்கின்றன. எலிகளில் ஒத்த வகைப் புழுவைக் கொண்டு நடந்த ஆய்வுகளில், மூளையின் மேலுறையில் ஓடும் நாளங்கள் முதலில் தளர்வதும், ஆழத்தில் உள்ள நாளங்கள் தாமதமாகத் தளர்வதும் காணப்பட்டன. சுவர் எல்லா இடத்திலும் ஒரே பலத்தில் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. இதன் பின் டி செல்கள், மேக்ரோபேஜ்கள், ஈசினோஃபில்கள் என்ற வெள்ளையணு வகைகள் எல்லாம் திரண்டு, சாகும் புழுவைச் சுற்றி ஒரு திரளையை உண்டாக்குகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து அந்த இடம் வீங்குகிறது. பக்கத்தில் உள்ள நரம்புச் செல்கள் இந்த வீக்கத்திலும் வேதிப்பொருட்களிலும் நனைந்து ஒழுங்கில்லாமல் மின்துடிப்பை வெளியிடும்போது வலிப்பு வருகிறது.

புழுவால் வந்த வலிப்பு என்று நாம் சொல்வது, சரியாகச் சொன்னால், புழுவைத் தாமதமாகக் கண்டுபிடித்த நம் சொந்தப் பாதுகாப்புப் படையால் வந்த வலிப்பு.

ஸ்கேன் படத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதே, அதுதான் புழுவா?

இல்லை, சுவர் உடைந்த இடம்தான் அப்படித் தெரிகிறது. ஸ்கேன் எடுக்கும்போது ரத்தநாளத்தில் ஏற்றுகிற மருந்து, சுவர் நன்றாக இருக்கும் பகுதியில் மூளைக்குள் போகாது. கட்டியைச் சுற்றிச் சுவர் கசிகிற இடத்தில் மட்டும் அது வெளியேறித் தேங்குவதால் வளையமாக ஒளிர்கிறது. ஏர்லிக்கின் சாயச் சோதனையை மருத்துவமனையில் இன்றும் நாம் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம். வளையம் இல்லாத, உள்ளே புள்ளி மட்டும் தெரிகிற நீர்ப்பை என்றால் புழு இன்னும் உயிரோடு, மறைவாக இருக்கிறது. வளையமும் வீக்கமும் இருந்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்புப் புள்ளி மட்டும் என்றால் கதை முடிந்து வடு மிஞ்சியிருக்கிறது.

இந்த ஒற்றை வளையத்துக்கு நம் பகுதியோடு தொடர்புள்ள ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் இத்தகைய சிறு புள்ளிகளைக் காசநோய்க் கட்டி என்றெண்ணி மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்த காலத்தில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பறுவை மருத்துவர்களான மாத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவற்றில் சிலவற்றை எடுத்துத் திசு ஆய்வு செய்து, பெரும்பாலானவை சாகும் நாடாப்புழுக் கட்டிகளே என்று 1980களின் இறுதியில் காட்டினார்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைவான அளவு, மூளை அழுத்தம் கூடாதிருத்தல், கைகால் செயலிழப்பு வளர்ந்துகொண்டே போகாதிருத்தல் போன்ற அவர்களுடைய அளவுகோல்களால் எத்தனையோ பேர் தேவையற்ற அறுவையிலிருந்தும் காசநோய் மருந்திலிருந்தும் தப்பினார்கள். வேலூர் மாவட்டத்தில் மக்களிடையே நடத்தி 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுக்கட்டியே காரணம் என்று கண்டது.

கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் கட்டி கரைந்துவிடாதா?

தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தருகிற 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒற்றை மாத்திரை, குடலில் உள்ள உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் ஆனது. குழந்தைகளுக்கு அது நல்லது, தவறாமல் கொடுங்கள். மூளைக்கட்டிக்கு அதே மருந்தை உடல் எடைக்கு, நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், 10 முதல் 14 நாள் தர வேண்டியிருக்கும். உயிருள்ள கட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் பிரசிகுவாண்டல் என்ற மருந்தையும் சேர்ப்பதுண்டு. கொஞ்சம் எண்ணெய், நெய் உள்ள சாப்பாட்டோடு எடுத்தால் அல்பெண்டசோல் பல மடங்கு கூடுதலாக உடலில் சேரும். ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற வலிப்பு மாத்திரைகளோ அதன் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். எந்த மாத்திரை எதோடு என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.

இவையெல்லாம் அளவுக்கணக்கு. அச்சத்துக்குரிய காரணம் வேறு. ஒரே சமயத்தில் பல கட்டிகளைக் கொன்றால், முன் கேள்வியில் சொன்ன சுவர் உடைதலும் வீக்கமும் பல இடங்களில் ஒரே வாரத்தில் நடக்கும். மண்டையோட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது. மூளை முழுக்கக் கட்டிகளும் வீக்கமுமாக இருப்பவருக்குப் புழுக்கொல்லி மருந்தைத் தரவே கூடாது என்பது சிகிச்சை விதி. கண்ணுக்குள் கட்டி இருந்தால் அது சாகும்போது பார்வை போகலாம். அதனால் மருந்து தொடங்கும் முன் கண்ணின் உட்புறத்தைப் பார்த்துவிடுவார்கள். மாறாக, ஒற்றை வளையக் கட்டி பல சமயம் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும்.

ஸ்டீராய்டு கெடுதல் என்கிறார்கள். இதற்கு ஏன் கொடுக்கிறார்கள்?

புழு சாகும்போது நம் படை காட்டுகிற ஆவேசத்தைத் தணிக்கவும், தளர்ந்த சுவரை இறுக்கவும் கொடுக்கிறார்கள். புழுக்கொல்லி மருந்துக்கு முன்பே தொடங்கிப் பின்னர் படிப்படியாகக் குறைப்பது வழக்கம். நீண்ட நாள் ஸ்டீராய்டு தர நேர்ந்தால் காசநோய் மறைந்திருக்கிறதா, குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்புழு இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. நோயெதிர்ப்பு அடங்கினால் அந்த நூல்புழு கட்டுமீறிப் பெருகி உயிருக்கே உலைவைக்கும்.

ஆனால் மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணி எல்லாவற்றுக்கும் ஸ்டீராய்டு நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மூளை மலேரியாவில் அது உதவும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். தாய்லாந்தில் நடந்து 1982இல் வெளியான ஆய்வில், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டைப் பெற்றவர்கள் மயக்கத்திலிருந்து தெளிய அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள், சிக்கல்களும் கூடின. அத்தோடு அந்த வழக்கம் கைவிடப்பட்டது. மூளை வீக்கம் என்று இரண்டிலும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலும், வீக்கம் வந்த வழி வேறு.

மூளை மலேரியாவில் என்ன நடக்கிறது? நம் மாவட்டங்களில் கவலைப்பட வேண்டுமா?

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுவின் மேற்பரப்பில் பிசின்போன்ற ஒரு புரதம் முளைக்கிறது. அதைக் கொண்டு அந்த அணு மூளையின் நுண்நாளச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரலுக்குப் போனால் அழிக்கப்படுவோம் என்பதால், ஓட்டத்திலிருந்து விலகி ஒதுங்கி நிற்பது ஒட்டுண்ணிக்கு லாபம், மூளைக்குத்தான் நஷ்டம். நாளம் அடைபடுகிறது, சுவரைக் காக்கும் ஏற்பாடுகள் முடங்குகின்றன, சுவர் கசிகிறது. மலாவி நாட்டுக் குழந்தைகளிடம் எம்.ஆர்.ஐ. கொண்டு நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், இறந்த குழந்தைகளில் 84 விழுக்காட்டினருக்கும் பிழைத்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கடுமையான மூளை வீக்கம் இருந்தது. ஒட்டுண்ணி ஒரு தடவைகூட மூளைத் திசுவைத் தொடவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

தமிழ்நாட்டில் காணும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அது மூளையை இவ்வாறு தாக்குவது மிக அரிது. ஃபால்சிபாரம் அதிகமுள்ள ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் லாரியோ போர்வெல் வண்டியோ ஓட்டிப் போய்த் திரும்பியவருக்கும், அங்கிருந்து ஒசூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தவருக்கும் காய்ச்சல் வந்தால், எங்கே இருந்துவிட்டு வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு துளி ரத்தத்தில் அன்றே தெரிந்துவிடும். ஆர்ட்டிசுனேட் ஊசி தாமதமில்லாமல் போட்டால் உயிர் காக்கும்.

வீட்டில் பூனை இருக்கிறது. அதனால் மூளைக்கு ஆபத்தா?

டாக்ஸோபிளாஸ்மா நம்மில் பலர் உடலில் சத்தமில்லாமல் இருக்கிறது. பூனையின் மலம் கலந்த மண், சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றின் வழியாக வந்து, நரம்புச் செல்களுக்குள் கூடு கட்டித் தூங்குகிறது. அதைத் தூங்கவைத்திருப்பது டி செல்கள் இடைவிடாமல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம். எச்.ஐ.வி. தொற்றில் சி.டி.4 என்ற வகை டி செல்களின் எண்ணிக்கை 100க்குக் கீழே இறங்கும்போது கூடுகள் உடைந்து மூளைக்காய்ச்சல் வருகிறது; எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் உட்கொள்பவர்கள் அந்த நிலையைத் தவிர்த்துவிடலாம். கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ளும் வேலையை வேறொருவருக்கு விட்டுவிட வேண்டும். மற்றபடி பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

மாடுகளுக்கு வரும் சர்ரா நோய் மனிதருக்கு ஒட்டுமா?

ஆலம்பாடி மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நான் எதிர்பார்க்காத, நல்ல கேள்வி. சர்ராவை உண்டாக்கும் டிரிப்பனோசோமா இவான்சி, ஆப்பிரிக்கத் தூக்க நோய் ஒட்டுண்ணியின் நெருங்கிய உறவு. மாட்டைக் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. நமக்கு அது ஒட்டாமல் இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இயல்பாகவே உள்ள ஏ.பி.ஓ.எல்.1 என்ற புரதம். ஒட்டுண்ணி அதை விழுங்கினால், உள்ளே துளை விழுந்து வெடித்துச் சாகும். இதற்கு விதிவிலக்காக, 2004இல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு சர்ரா ஒட்டுண்ணித் தொற்று உறுதியானது. ஆராய்ந்தபோது, பிறவியிலேயே அவர் உடலில் அந்தப் புரதம் உருவாகவில்லை என்பது தெரியவந்தது. ஒட்டுண்ணி மூளைக்குப் போகவில்லை என்று கண்டதால் சுரமின் ஊசி போதுமானதாக இருந்தது, அவர் குணமடைந்தார். சுரமின் தடுப்புச் சுவரைத் தாண்டாத மருந்து என்பதால், மூளைக்குப் போயிருந்தால் அது உதவியிருக்காது.

ஆப்பிரிக்கத் தூக்க நோயில் ஒட்டுண்ணி தன் மேற்போர்வைப் புரதத்தை மாற்றி மாற்றி எதிர்ப்புரதங்களை ஏய்க்கிறது. கடைசியில் டி செல்கள் சுவரைத் தாண்டத் திறக்கும் அதே வழியில் தானும் நுழைந்துவிடுகிறது. காவலுக்குத் திறந்த கதவு அதற்கும் உதவுகிறது.

கிணற்றில் குளித்தால் மூளையைத் தின்னும் அமீபா வருமா?

கேரளத்திலிருந்து 2024இலும் 2025இலும் வந்த செய்திகளுக்குப் பிறகு கோடை விடுமுறையில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி. வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நன்னீரில் நெக்லேரியா வாழ்கிறது. தண்ணீரைக் குடித்தால் வராது. மூக்கில் வேகமாக ஏறினால்தான் வரும். மிக மிக அரிது, வந்தால் நூற்றுக்கு 97 பேருக்குமேல் இறக்கிறார்கள். 2024இல் கேரளத்தில் சிகிச்சை பெற்ற 14 வயதுச் சிறுவன் பிழைத்தது அதனால்தான் பெரிய செய்தியானது. அடிச்சேறு கலங்கிய குட்டையில் தலைகுப்புறக் குதிக்க வேண்டாம். மூக்கைச் சுத்தம் செய்யக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். குளித்த சில நாட்களில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் குளித்த விவரத்தையும் சொல்லுங்கள்.

உடும்பு ரத்தம் உடம்புக்கு நல்லது, நத்தை மூலத்துக்கு மருந்து என்கிறார்களே?

பச்சையாக உண்டால் எலியின் நுரையீரல் புழுவுடைய இளம்பருவம் உடலுக்குள் போகலாம். அது மூளையுறை வரை வந்து மனிதரிடம் வளர முடியாமல் செத்து, ஈசினோஃபில்கள் திரண்ட மூளையுறை அழற்சியை உண்டாக்கும். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்புப் பெற்ற உயிரினம் என்பதால் சிறைக்கும் வழி உண்டு.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைக் கொடுக்கலாமா?

பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள், வாயில் தண்ணீரோ கரண்டியோ வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தால், 108ஐ அழையுங்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடுவதால்தான் சாவிக்கு அந்தப் பெயர் கிடைத்திருக்கிறது.

கட்டி மறைந்துவிட்டது என்றார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டி முழுதாக மறைந்து, வலிப்பும் மீண்டும் வராமல் இருந்தால், மருத்துவர் மெல்லக் குறைப்பார். சுண்ணாம்பு வடு மிஞ்சியிருந்தால் காலம் நீளும். செத்துப் பல ஆண்டான அந்த வடுவைச் சுற்றியும் சுவர் எப்போதாவது மறுபடி கசிந்து, வீங்கி, வலிப்பைத் தருவது ஸ்கேனில் காணப்பட்டிருக்கிறது. வடுவுக்குள் எஞ்சிய புழுப் புரதத்தை நம் படை மறக்கவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

காய்கறி, தண்ணீர் விஷயத்தில் என்ன செய்வது?

பச்சையாகத் தின்கிற கொத்தமல்லி, கேரட், வெள்ளரி, தக்காளியை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள்; கீரையை மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். மலம் கழித்தபின்னும், சமைக்கும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது இந்த நோயின் சங்கிலியை நேரடியாக அறுக்கிறது. பன்றிக்கறியை உள்வரை வேகவையுங்கள். பன்றி வளர்ப்பவர்கள் அவற்றைக் கழிப்பிடப் பக்கம் திரியவிடாமல் கொட்டகையில் வைக்க வேண்டும். பன்றிகளுக்கான தடுப்பூசி ஒன்றும் இருக்கிறது, ஹைதராபாத்தில் தயாராகிறது.

வீட்டில் மற்றவர்களையும் சோதிக்க வேண்டுமா?

ஆம், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குடலில் நாடாப்புழு வைத்திருப்பவர் வீட்டிலேயே இருக்கலாம். மலத்தில் வெள்ளைப் பட்டைகள் எப்போதாவது வந்ததுண்டா என்று ஒவ்வொருவரிடமும் கூச்சமில்லாமல் கேளுங்கள், மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஒரு தடவை முட்டை தென்படாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும். புழு இருப்பது தெரிந்தால், நிக்லோசமைடு கிடைக்கும் இடத்தில் மருத்துவர்கள் அதையே விரும்புவதற்குக் காரணம் உண்டு: அது குடலிலிருந்து ரத்தத்துக்குப் பெரிதாகப் போவதில்லை. பிரசிகுவாண்டல் ரத்தத்தில் கலந்து தடுப்புச் சுவரையும் தாண்டும். குடல்புழுவுக்கென்று கொடுத்த அந்த ஒரே வேளை மருந்து, அவருக்கே தெரியாமல் மூளையில் இருந்த ஒரு கட்டியைத் தொட்டுவிட்டு, அதுவரை வலிப்பே வராதவருக்கு வலிப்பு வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.